அப்பத்தா பிடிச்ச சோத்து உருண்டை: குழந்தைகளின் தாடை மூட்டைப் பத்தி ஒரு எபிசோட்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகள் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

00:00 ஊர்ல இருந்து

இந்த வாரம் சென்னை ரூம்ல இருந்து பேசல. ஊர்ல, குடுமியான்மலையில, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி மயில் கத்துற சத்தம் கேட்டுச்சுன்னா அது சவுண்ட் எஃபெக்ட் இல்ல, நிஜ மயில்தான்.

குடுமியான்மலை தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டையில இருந்து சுமார் 20 கிலோமீட்டர். சிகாநாதசாமி கோயில், அதுக்குப் பின்னாடி ஒரு குன்று, குன்றுச் சரிவுல ஒரு குடைவரை. அதை ஒட்டின பாறையிலதான் அந்தப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கு. கிரந்த எழுத்து, ஏழு பிரிவு, முழுக்க ஸ்வரங்கள். இசை படிக்கிறவங்க எங்கெங்கேயோ இருந்து வந்து பாத்துட்டுப் போவாங்க. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ அது முன்னாடி நின்னு, ஒண்ணுமே புரியாம, "ஆ...ஆ..."ன்னு கத்தி எதிரொலி வருதான்னு பாப்போம்.

அந்த "ஆ"வைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட். வாயை முழுசா திறந்து "ஆ" சொல்ல முடியறது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

ஒரு டிஸ்க்ளெய்மர். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். எங்க வீட்ல நடந்ததையும், அதுக்கப்புறம் நான் படிச்சு, டாக்டர்கள்கிட்ட கேட்டுப் புரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன். இதைக் கேட்டுட்டு நீங்களே வைத்தியம் பாக்காதீங்க.

02:10 விழுந்த நாள்

எங்க அக்கா பொண்ணு. பேர் வேணாம், பாப்பான்னே சொல்றேன். அப்போ அவளுக்கு அஞ்சரை வயசு, யூகேஜி. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தா. மண்டபத்துப் படியில மத்த பிள்ளைகளோட ஓடிப் பிடிச்சு விளையாடும்போது கால் தடுக்கி முன்பக்கமா விழுந்துட்டா. கருங்கல் படி. நாடி நேரா கல்லுல மோதுச்சு. நாடின்னா எங்க ஊர்ப் பேச்சுல மோவாய்.

நல்லா கிழிஞ்சு ரத்தம். தூக்கிட்டு ஓடினோம். நாலு தையல், ஒரு டிடி ஊசி, ஒரு சிரப். "ஒண்ணும் இல்ல, ஒரு வாரத்துல சரியாயிடும், வாயை ரொம்ப அசைக்க வேணாம்"னு சொல்லி அனுப்பினாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, அதுக்காக இந்த எபிசோட் இல்ல. சொல்லவேண்டியது ஒண்ணுதான். அன்னைக்கு "வாயைத் திறந்து காட்டு பாப்பா"ன்னு யாரும் கேக்கல. நாங்களும் கேக்கல. காயம் கண்ணுக்குத் தெரிஞ்சது, அதைத் தெச்சாச்சு, முடிஞ்சதுன்னு நெனச்சோம்.

நடுவுல ரெண்டு மூணு தடவை காது வலிக்குதுன்னு சொன்னா. காதுக்கு சொட்டு மருந்து போட்டாங்க. தூங்கும்போது குறட்டை விட ஆரம்பிச்சா. "அப்படியே அவ தாத்தா மாதிரி"ன்னு சிரிச்சோம். சாப்பிட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா. "டிவி பாத்துக்கிட்டே தின்னா அப்படித்தான்"னு அக்கா திட்டினா.

இதுல மோசமான பங்கு என்னோடது. நான் இவ குரலை சும்மா சும்மா ரெக்கார்ட் பண்ணுவேன். மைக் டெஸ்ட் பண்ண எனக்கு அவதான் ஆள். விழுந்து ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு ரெக்கார்டிங்ல அவ பேசறது பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு. "வாயைத் தொறந்து பேசுடி, ஸ்டைல் பண்ணாத"ன்னு அதட்டினேன். அவ ஒண்ணும் சொல்லல. அப்புறமா ரெண்டு ஃபைலையும் பக்கத்துல வெச்சுக் கேட்டுப் பாத்தேன். அஞ்சு வயசுல சொன்ன "மாமா"வும் ஏழு வயசுல சொன்ன "மாமா"வும் ஒண்ணு இல்ல. ஆதாரம் என் போன்லயே இருந்திருக்கு. நான்தான் கேக்கல.

05:00 அப்பத்தா கண்டுபிடிச்சது

கண்டுபிடிச்சது எங்க அப்பத்தா. படிக்காதவங்க. பிள்ளைகளுக்கு எல்லாம் சோத்தை உருட்டி ஊட்டிவிடறது அவங்க வேலை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல என்னைக் கூப்பிட்டாங்க.

"ஏப்பா, இவளுக்கு உருண்டை சின்னதாயிட்டே வருது. போன தைக்கு நெல்லிக்காய் அளவு பிடிச்சேன். இப்ப சுண்டைக்காய் அளவு பிடிச்சாத்தான் உள்ள போகுது. என்னமோ இருக்கு, பாரு."

வாயைத் திறக்கச் சொன்னோம். அவ ஒரு விரலைப் படுக்கை வாட்டத்துல வெக்கிற அளவுக்குத்தான் திறந்தா. அதுக்கு மேல முடியல. வலிக்குதான்னு கேட்டேன். "வலிக்கல மாமா, திறக்காது"ன்னா. அது எப்பவுமே அப்படித்தான்னு நெனச்சிருக்கா. எல்லாருக்கும் வாய் அவ்ளோதான் திறக்கும்னு!

நேரா திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க முகம், தாடை அறுவை சிகிச்சை பண்ற ஒரு டாக்டர் ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவுல 11 மில்லிமீட்டர். அந்த வயசுல 35, 40 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும்.

ஓபிஜி எக்ஸ்ரே, அப்புறம் சிடி ஸ்கேன். வலது பக்கத் தாடை மூட்டு, மண்டையோட்டு எலும்போட ஒட்டிப் போயிருந்துச்சு. மூட்டே இல்ல, ஒரே எலும்பு. இதுக்கு ஆங்கிலோசிஸ்னு பேர்.

07:15 ஒரு கதவு, ரெண்டு கீல்

இப்போ கொஞ்சம் எஞ்சினியரா பேசறேன். உங்க காதுக்கு முன்னாடி, சின்னதா ஒரு மேடு இருக்கும் பாருங்க, அதுக்கு முன்னாடி விரலை வெச்சு வாயைத் திறந்து மூடுங்க. உள்ள ஒண்ணு உருள்றது தெரியுதா? அதுதான் தாடை மூட்டு.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மூட்டு. ஒரு கதவுக்கு ரெண்டு கீல் மாதிரி. ஒரு கீல் துருப்பிடிச்சா கதவு முழுசாவே திறக்காது. அதனால ஒரு பக்க மூட்டுல சிக்கல் வந்தாலே வாய் மொத்தமா மாட்டிக்கும்.

சாதாரணக் கீலை விட இது சிக்கலானது. வாயைத் திறக்க ஆரம்பிக்கும்போது முதல்ல மூட்டு முனை சுழலும். அதுக்கு மேல திறக்கணும்னா அது முன்பக்கமா வழுக்கி இறங்கணும். நடுவுல மெத்தை மாதிரி ஒரு சின்ன வட்டு இருக்கு, அதுவும் கூடவே நகரணும். பேசறது, மெல்றது, முழுங்கறது, கொட்டாவி, எல்லாத்துக்கும் இது வேலை செய்யணும்.

நாடியில அடி விழுந்தா அந்த விசை தாடை எலும்பு வழியா நேரா மேல ஏறி மூட்டு முனையிலதான் போய் இடிக்கும். வெளியில காயம் நாடியில, உள்ள சேதம் காதுகிட்ட! சின்னக் குழந்தைகளோட மூட்டு முனையில ரத்த ஓட்டம் அதிகம், வெளி எலும்பு மெல்லிசு. அதனால நசுங்கி மூட்டுக்குள்ள ரத்தம் கசியலாம். அந்த ரத்தக் கட்டு, அசைவே இல்லாம இருந்தா, மெதுவா நாராகி, எலும்பாகி, மூட்டையே ஒட்டிடும். மாசக்கணக்குல, சத்தமே இல்லாம நடக்கும். நம்ம நாட்டுல குழந்தைகளுக்குத் தாடை மூட்டு ஒட்டிப்போக அடிபடறதுதான் பெரும்பாலான காரணம். காதுல சீழ் பிடிச்சு அந்தக் கிருமி மூட்டுக்குப் பரவினாலும் இது வரலாம்.

இங்க ஒரு நல்ல செய்தியும் சொல்லணும், இல்லன்னா பயந்துடுவீங்க. குழந்தைகளோட மூட்டு முனை உடைஞ்சாலும் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சேர்ந்துடும். வளர்ற எலும்பு தன்னைத் தானே திருத்திக்கும். அதுக்கு வேண்டியது: சீக்கிரம் கண்டுபிடிக்கணும், கொஞ்ச நாள் மெத்துன்னு சாப்பாடு, அப்புறம் டாக்டர் சொல்ற நாள்ல இருந்து வாயை அசைச்சுப் பழகணும். கூடவே தொடர்ந்து அளந்து பாக்கணும்.

கை கால் உடைஞ்சா கட்டுப் போட்டு அசையாம வெப்போம் இல்லையா? அதே பழக்கத்துல தாடையையும் அசைக்காதன்னு சொல்லிடறோம். குழந்தையோட தாடை மூட்டுக்கு ரொம்ப நாள் அசைவு இல்லாம இருக்கறதுதான் ஆபத்து.

10:30 நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எது?

கீழ்த்தாடை வளர்றதுக்கு இந்த மூட்டு முனை ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் ஒட்டிப்போனா அந்தப் பக்கத் தாடை வளர்றது குறையும், நாடி அந்தப் பக்கமா திரும்பிடும்.

இதுல ஏமாந்துபோற இடம் ஒண்ணு இருக்கு. பாப்பாவைப் பாத்தா வலது கன்னம் நல்லா புஷ்டியா, இடது கன்னம் சப்பையா இருந்துச்சு. நாங்க எல்லாரும் இடது பக்கம்தான் ஏதோ பிரச்சினைன்னு நெனச்சோம். டாக்டர் சிரிச்சுட்டு, "எல்லாரும் இப்படித்தான் தம்பி சொல்வாங்க"ன்னாங்க. வளராத பக்கத்துல எலும்பு குட்டை, சதை அதே அளவு. அதனால அந்தக் கன்னம் உப்பித் தெரியும். நல்லா இருக்கற பக்கம் நீளமா இழுபட்டு சப்பையாத் தெரியும். கண்ணுக்கு நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்ச பக்கம்தான் நோய் இருந்த பக்கம்.

ரெண்டு பக்கமும் ஒட்டினா கீழ்த்தாடையே பின்னாடி போயிடும். நாக்கு பின்னாடி தள்ளி மூச்சுப் பாதையை அடைக்கும். குழந்தை குறட்டை விடும், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். பாப்பாவோட குறட்டைக்கும் காரணம் அதுதான். இனிமே எந்தக் குழந்தை குறட்டை விட்டாலும் நான் சிரிக்க மாட்டேன்.

12:40 ஆபரேஷனும் ஐஸ் குச்சியும்

ஆபரேஷன்ல முதல் சவாலே மயக்க மருந்து. வாயே திறக்காத குழந்தைக்கு மூச்சுக் குழாய் எப்படி வெப்பாங்க? மூக்கு வழியா, முனையில கேமரா இருக்கற மெல்லிய குழாயை விட்டுப் பாதை பாத்துக்கிட்டே போவாங்க. பழகின மயக்க மருந்து நிபுணர் இருக்கற இடத்துலதான் இதைப் பண்ணணும்.

அறுவை முறைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் திருப்பிப் பாக்கற ஒரு நடைமுறை இருக்கு. அமெரிக்க அறுவை மருத்துவர் லியோனார்ட் காபனும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 1990-ல வெளியிட்டது. ஒட்டின எலும்பை முழுசா வெட்டி எடுக்கணும், திரும்ப ஒட்டாம இருக்க இடையில நெத்திப் பொட்டுத் தசையில இருந்து ஒரு திரையை வெக்கணும், தேவைப்பட்டா விலா எலும்பும் குருத்தெலும்பும் எடுத்து புது மூட்டு முனை செய்யணும். கடைசிப் படி உடனடி, விடாப்பிடியான பயிற்சி. அந்தக் கடைசிப் படியை விட்டா மொத்த ஆபரேஷனும் வீண், மூட்டு திரும்ப ஒட்டிக்கும்.

அந்தக் கடைசிப் படி நடக்கறது ஆஸ்பத்திரியில இல்ல, வீட்ல. ஐஸ் குச்சியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி பல்லுக்கு நடுவுல வெக்கணும், நாளாக நாளாக ஒண்ணொண்ணா கூட்டணும். வலிக்கும். அழுவா. எங்க அக்கா மூணாவது நாளே "என்னால முடியாதுடா தம்பி, நீயே பண்ணு"ன்னு வெளிய போயிட்டா. ஏழு வயசுக் குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு "மாமா இன்னைக்கு மட்டும் வேணாம்"னு கெஞ்சறா. நீங்க இன்னொரு குச்சியைச் சொருகணும். நான் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். காலை, மதியம், சாயந்திரம், ராத்திரி. மீட்டிங்குக்கு நடுவுல கேமராவை ஆஃப் பண்ணிட்டு குச்சி எண்ணுவேன்.

ஒரு நோட்டுல எழுதி வெச்சோம். ஆபரேஷனுக்கு முன்னாடி 5 குச்சி. இப்போ ரெண்டு வருஷம் ஆச்சு, 16 குச்சி. நடுவுல காய்ச்சல் வந்த ஒரு வாரம் விட்டோம், ரெண்டு குச்சி குறைஞ்சுது. அப்போ புரிஞ்சுது டாக்டர் ஏன் அவ்ளோ அழுத்திச் சொன்னாங்கன்னு. இன்னும் முடியல. முகம் வளர்ந்து முடியற வரைக்கும் தொடர்ந்து பாக்கணும். பல் வரிசைக்கு, தாடை நீளத்துக்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்னும் சொல்லியிருக்காங்க.

15:20 டீனேஜ்ல "டக் டக்"

இது அரிதான, கடுமையான பக்கம். டீனேஜ் பசங்களுக்கு வர்ற தாடை மூட்டுப் பிரச்சினை பெரும்பாலும் வேற: கன்னத்துல, நெத்திப் பொட்டுல வலி, மெல்லும்போது வலி, வாய் திறக்கும்போது "டக்"குன்னு சத்தம்.

2005-ல ஸ்வீடன்ல ஒரு ஆய்வு வெளியாச்சு. 12-ல இருந்து 19 வயசு வரை கிட்டத்தட்ட 29 ஆயிரம் பேர். கேட்டது ரெண்டே கேள்வி. நெத்திப் பொட்டு, முகம், தாடை மூட்டு, தாடை, இதுல வாரத்துக்கு ஒரு தடவையாவது வலி வருதா? வாயைப் பெருசா திறக்கும்போதோ மெல்லும்போதோ வாரத்துக்கு ஒரு தடவையாவது வலிக்குதா? நூத்துக்கு 4.2 பேருக்கு இந்த வலி இருந்துச்சு. பெண் பிள்ளைகளுக்கு 6 பேர், பையன்களுக்கு 2.7 பேர். வயசுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு அதிகம். அதனால "இவளுக்கு எப்பப் பாரு ஏதாவது ஒரு வலி"ன்னு தள்ளிவிடாதீங்க.

வலி இல்லாம வெறும் சத்தம் மட்டும் வந்தா பெரும்பாலும் வைத்தியமே தேவை இல்ல. எனக்கும் இருக்கு. ஒரு ரிலீஸ் சமயத்துல ராத்திரி எல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கோட் எழுதினதுல அதிகமாச்சு, அப்புறம் குறைஞ்சுது. சத்தம் திடீர்னு நின்னு, கூடவே வாயும் பாதிதான் திறக்குதுன்னா, அது வட்டு விலகி மாட்டிக்கிட்டது. உடனே காட்டணும்.

வலி இருந்தா முதல் வைத்தியம் ரொம்ப சாதாரணம். சூயிங் கம், நகம் கடிக்கறது, பேனா மூடி கடிக்கறது நிறுத்தணும். கொஞ்ச நாள் மெத்துன்னு சாப்பாடு. வெந்நீர் ஒத்தடம். தூக்கம். ப்ளஸ் டூ பரீட்சை சமயத்துல இந்த வலி கூடறதுல ஆச்சரியம் இல்ல, மனஅழுத்தத்துல பல்லைக் கடிப்போம். வளர்ற வயசுல திரும்ப மாத்த முடியாத வைத்தியத்துக்கு, அதாவது பல்லைத் தேச்சுக் கடியை மாத்தறது மாதிரி விஷயத்துக்கு, அவசரப்படக் கூடாது. பல்லுக்கு கம்பி போட்டதால இது வந்துச்சு, கம்பி போட்டா இது போயிடும், ரெண்டுக்குமே நல்ல ஆதாரம் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம் வேகமா சொல்லிடறேன். ஒண்ணு, சிறார் மூட்டுவாதம். 16 வயசுக்கு முன்னாடி வர்றது. முட்டி வீங்கினா தெரியும், தாடை மூட்டு வீங்கினா வெளியில தெரியாது, பல சமயம் வலிக்கவும் வலிக்காது. அந்த நோய் இருக்கற குழந்தைக்கு வலி இல்லன்னாலும் தாடையைப் பாக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, பாக்கு. பாக்கு, குட்கா போடற பசங்களுக்கு வாய் உள்தோல் இறுகிப்போய் வாய் திறக்காமப் போகும். அது மூட்டு நோய் இல்ல, வாய்க்குள்ள நார் கட்டிப் போறது. 1952-ல ஷ்வார்ட்ஸ்னு ஒரு மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்த அஞ்சு இந்தியப் பெண்கள்கிட்ட இதைப் பாத்து எழுதினார். புற்றுநோயா மாறக்கூடியது. தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலாவுக்கு 2013-ல தடை வந்துச்சு. ஆனா பெட்டிக்கடையில கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும். காரம் பட்டா வாய் எரியுது, விசில் அடிக்க முடியல, வாய் திறக்கறது குறையுது, இந்த மூணும் ஒரு பையன் சொன்னா முதல்ல பாக்கைப் பத்திக் கேளுங்க. திட்டாம கேளுங்க, அப்பதான் சொல்வான்.

அப்புறம் கொட்டாவி விடும்போது தாடை திறந்தபடியே மாட்டிக்கறது. எகிப்துல கிடைச்ச, கி.மு. 1600 வாக்குல எழுதின எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்ல இதுக்கு வைத்தியம் இருக்கு: கட்டை விரல் ரெண்டும் வாய்க்குள்ள, மத்த விரல்கள் தாடைக்கு அடியில, இப்படிப் பிடிச்சு மூட்டைத் திரும்பப் பொருத்தறது. சுஸ்ருத சம்ஹிதையும் விலகின தாடையைப் பொருத்திக் கட்டறதைச் சொல்லுது. இன்னைக்கும் அடிப்படை அதேதான். அதுக்காக நீங்க பண்ணிப் பாக்காதீங்க. "ஒரு அறை விட்டா சரியாயிடும்"னு யாராவது வந்தா தடுங்க. பல் மருத்துவர்கிட்டயோ எமர்ஜென்சிக்கோ கூட்டிட்டுப் போங்க.

18:30 இன்னைக்கு ராத்திரி பண்ணவேண்டியது

உங்க வீட்ல குழந்தை இருந்தா, அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை யாரா இருந்தாலும், இன்னைக்கு ஒண்ணு பண்ணுங்க. அவங்க கையில ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் சேர்த்து நிமித்திப் பிடிச்சு, முன்பல்லுக்கு நடுவுல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. அவங்களோட சொந்த விரல், உங்க விரல் இல்ல. மூணும் போனா சந்தோஷம். ரெண்டுதான் போகுதுன்னா ஒரு பல் மருத்துவர்கிட்ட காட்டுங்க. திறக்கும்போது நாடி ஒரு பக்கமா போகுதான்னும் பாருங்க.

நாடியில அடிபட்டு தையல் போட்ட குழந்தைன்னா, தையல் போட்ட அன்னைக்கே "மூட்டையும் பாருங்க டாக்டர்"னு கேளுங்க. ரெண்டு வாரம், ஒரு மாசம், மூணு மாசம், ஆறு மாசம்னு இந்த விரல் கணக்கை எழுதி வெச்சுக்கங்க. காது வலின்னு திரும்பத் திரும்ப சொல்லி, காதுல ஒண்ணும் இல்லன்னா, அடுத்து பாக்கவேண்டியது தாடை மூட்டு.

எங்க போறதுன்னு கேப்பீங்க. பெரிய அரசு மருத்துவமனையிலயோ பல் மருத்துவக் கல்லூரியிலயோ முகம், தாடை அறுவைப் பிரிவு எதுன்னு கேளுங்க. சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல இருந்தே இருக்கு. எங்க மாவட்டத்துக்கு 2023-ல புதுக்கோட்டையில ஒண்ணு வந்துச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, அங்கேயே விசாரிக்கலாம்.

நேத்து சாயந்திரம் பாப்பாவைக் கூட்டிட்டு அந்தக் கல்வெட்டுப் பாறைகிட்ட போனேன். மண்டபத்துப் படியில இறங்கும்போது மட்டும் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. மேல போனதும் மைக்கை நீட்டினேன். அதையே போட்டு முடிக்கறேன். அப்பத்தா இன்னும் உருண்டை பிடிக்கறாங்க. இப்போ மறுபடியும் நெல்லிக்காய் அளவு.

அடுத்த வாரம் பாக்கலாம்.

[குழந்தையின் குரல்: "ஆ...ஆ...ஆ... மாமா, போதுமா? இன்னொரு தடவை சொல்லவா?"]